பரணும் முக்காலியும்

நான்கு கால் இருக்கை காட்டுத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எங்கே விழுந்தாலும் ஒரே தளத்தில் அமைந்துவிடும் என்பது பள்ளிக்கூடத்துக் கேத்திரகணிதம். தரையில் உட்கார்ந்து வேட்டைக்குக் காத்திருப்பவர்கள் கையோடு தூக்கிப்போக இருக்கை தேடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். அடுத்தது உயரம். முழங்காலுக்கு மேலே போனால் தலை புதருக்கு வெளியே தெரியும். ஒரு சாணுக்குத் தாழ்ந்தால் அரைமணி நேரத்தில் கால் விறைத்துவிடும். எழும்போது மூட்டு சொடுக்கும் சத்தமே மரையை விரட்டப் போதும். மழைக்குப் பிந்திய மண்ணில் கூரான கால் இறங்கிவிடும், அதனால் அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும். துணி உரசக்கூடாது, திருகாணி கிறீச்சிடக்கூடாது, தோளில் மாட்டினால் பாரம் தெரியக்கூடாது. எல்லாம் எதற்கென்றால், ஓர் ஆள் இரண்டு மணிநேரம் அசையாமல், ஓசைப்படாமல், எந்தக் கண்ணிலும் படாமல் இருப்பதற்கு.

பதஞ்சலி ஆசனத்துக்கு விதித்த நிபந்தனைகள் இரண்டுதான்: உறுதி, சுகம். நல்ல வேட்டை முக்காலி இரண்டையும் தந்துவிடுகிறது. அதில் இருப்பவனுக்கு மூச்சு மெல்ல ஓடுகிறது. கண் ஓரிடத்தில் நிலைக்கிறது. கொசு கடித்தாலும் கை எழுவதில்லை. பசியும் வீட்டு ஞாபகமும் விலகிப் போகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தடியில் ஒரு தவசி. மடியில் துவக்கு இருப்பது மட்டுமே வேறுபாடு என்று சொல்லிவிடலாமா?

வள்ளுவருக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கிறது. தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தீமை செய்பவனைக் கூடாவொழுக்க அதிகாரத்தில் கண்டிக்கும்போது அவர் தேர்ந்தெடுத்த உவமை, புதரில் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடன். அதே வள்ளுவர் காலமறிதலில் கொக்கைக் கூப்பிட்டு, அதைப்போல் ஒடுங்கிக் காத்திரு, நேரம் வரும்போது கொத்து என்கிறார். ஒடுங்கியிருக்கும் கொக்கும் பதுங்கியிருக்கும் வேடனும் செய்வது ஒரே காரியம். ஓரிடத்தில் அது பாராட்டு, ஓரிடத்தில் வசவு. அப்படியானால் உட்காரும் விதத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இலங்கையின் ஊவா மாகாணத்து மொனராகலையில் இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. சிங்களத்தில் மொனரா மயில், கல பாறை. மாவட்டத்தின் பெயரிலேயே முருகனின் வாகனம் இருக்கிறது. கதிர்காமமும் இந்த மாவட்டத்தில்தான். மறுபக்கம், நாட்டில் சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. புத்தல, சியம்பலாண்டுவ, பிபிலைப் பக்கங்களில் மாரி மழையோடு சேனைப் பயிர்ச்செய்கை தொடங்கினால், கதிர் முற்றும் நாளிலிருந்து இரவுத் தூக்கம் கிடையாது. யானை வரும், பன்றி வரும். விடிந்தால் குரங்கும் மயிலும்.

அதற்காகக் கட்டுவது பரண். மரக்கவட்டில் இரண்டு ஆள் உயரத்தில் நாலு தடி, குறுக்கே கம்புகள், மேலே இலுக்குப்புல் கூரை, கீழே சாத்திய ஏணி. உட்கார ஒரு மடித்த உரச் சாக்கு. சுகம் என்று சொல்ல முடியாது. கம்பின் கணுக்கள் விடியும்வரை முதுகில் எண்ணிக்கை எடுக்கும். அடியில் கட்டை புகைந்துகொண்டிருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் தகரம், டோர்ச், இரண்டு யானை வெடி. முன்பெல்லாம் சிங்களச் சேனைகளில் பரணிலிருந்து பரணுக்குப் பாட்டு எடுத்துப் பாடுவார்கள். அதற்குப் பெல் கவி என்று பெயரே உண்டு. பாடினால் தூக்கம் வராது, பக்கத்துக் காணிக்காரன் விழித்திருப்பது தெரியும், காட்டுக்குள் நிற்பவற்றுக்கும் இங்கே ஆள் இருக்கிறது என்பது கேட்கும்.

பரணின் இலட்சணம் அந்தக் கடைசிக் காரியத்தில் இருக்கிறது. பரணில் இருப்பவன் தன்னை அறிவிக்கிறான். முக்காலியில் இருப்பவன் தன்னை அழித்துக்கொள்கிறான். ஒரே காணி, ஒரே இரவு, ஒரே பன்றி. இரண்டு இருக்கைக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு சத்தத்தின் தூரம்.

வள்ளி இருந்ததும் பரணில்தான். கச்சியப்பரின் கந்தபுராணம் அந்தத் தினைப்புனத்தைத் தொண்டைநாட்டு வள்ளிமலையில் வைக்கிறது. கதிர்காமத்து அடியார்கள் அது இங்கே மாணிக்க கங்கைக் கரையில், செல்லக்கதிர்காமத்தில் நடந்தது என்பார்கள். எங்கே நடந்திருந்தாலும் காட்சி ஒன்றுதான்: மேலே கவணும் ஆலோலமுமாக ஒரு வேடர் மகள், கீழே வேடன் வேஷத்தில் ஒரு தெய்வம். பறவைகளைக் கொல்லாமல் கூவியே விரட்டுகிறவளிடம், கொல்லும் தொழிலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறான் முருகன். வில்லோடு வந்தவன் அம்பு விடவில்லை. பேச்சுக் கொடுத்துத் தோற்று, கடைசியில் அண்ணனை யானை வடிவில் துணைக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒவ்வோர் எசல விழாவிலும் கதிர்காமத்துப் பெரஹெர ஊர்வலம் மகா தேவாலயத்திலிருந்து புறப்பட்டு வள்ளியம்மன் கோயிலுக்குத்தான் போய்த் திரும்புகிறது. அவளிடம் அவன் போகிறான், அவள் வருவதில்லை. அங்கே பூசை செய்யும் கப்புறாளைமார் தங்களை வேடுவர் வழியினர் என்று சொல்லிக்கொள்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேட்டையை வெறுக்கும் மதம் இதைக் கட்டியிருக்காது.

பௌத்தத்தின் இலங்கைக் கதை தொடங்குவதும் ஒரு வேட்டையில். மகாவம்சத்தின் 14ஆம் அத்தியாயத்தில் தேவநம்பியதீசன் மிகிந்தலைக் குன்றுக்கு வேட்டைக்குப் போகிறான். ஒரு மரை தன்பாட்டில் மேய்ந்துகொண்டு நிற்கிறது. அறியாமல் நிற்பதை எய்வது தகாது என்று நினைத்து, அரசன் வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்புகிறான். விலங்கு ஓடுகிறது, அவன் துரத்துகிறான், துரத்திய வழியில் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்தரைச் சந்திக்கிறான். பொசோன் பௌர்ணமியில் இலட்சக்கணக்கானோர் நினைவுகூரும் சந்திப்பு அது. அன்று நாண் ஒலிக்காமல் அம்பு மட்டும் போயிருந்தால் மரை அங்கேயே விழுந்திருக்கும். அரசன் இறைச்சியோடு திரும்பியிருப்பான்.

தீசனின் எண்ணத்துக்கு நேர் எதிராக ஒரு வாதம் உண்டு, அதுவும் சாமானியமான வாயிலிருந்து வந்ததல்ல. மறைந்து நின்று ஏன் எய்தாய் என்று வாலி கேட்கும்போது, வால்மீகியின் இராமன் சொல்லும் பதில்களில் ஒன்று இது: மனிதர் ஒளிந்திருந்தும் வலை வீசியும் விலங்குகளைக் கொல்கிறார்கள், அவை விழிப்பாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. கம்பனுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். மறைவுக்கான விடையை அவர் இலக்குவன் வாயில் வைத்து, கதையையே வேறாகத் திருப்புகிறார்: நேரே வந்திருந்தால் நீயும் சரண் அடைந்திருப்பாய், அதனால்தான் மறைந்தான் என்று. தமிழ்ப் பட்டிமன்றங்கள் இன்னும் இந்த வழக்கை முடித்துவைக்கவில்லை. முக்காலி விற்கிறவர் வால்மீகியின் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் முகத்துக்கு முகம் நின்று கொன்றால் பாவம் குறையும் என்று யாராவது நினைத்தால், அவர் பதுளைக்குப் போய் புனித மாற்கு தேவாலயத்தைப் பார்க்க வேண்டும். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாக எழுந்த கோயில் அது. பதுங்கிச் சுடும் ஆள் அல்ல அவர். யானையின் அருகே நடந்தே போய், சில அடி தூரத்தில் நின்று நெற்றியைக் குறிபார்க்கிறவர். துணிச்சலில் குறை சொல்ல முடியாது. அவர் கொன்ற யானைகள் 1,400 வரை இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். ஊர்ச் சனங்கள் அதைத் தண்டனை என்றார்கள். மின்னல் எதையும் குறிபார்ப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. யானைக்கு முன்னால் வெளிப்படையாக நின்றார்தான். விலகிப்போக அதற்கு ஒரு கணமும் கொடுக்கவில்லை. தீசன் நாணைத் தெறித்தபோது கொடுத்தது அந்தக் கணத்தைத்தான்.

வேடுவர் இந்த வழக்கில் சாட்சிக்கூண்டில் அதிகம் ஏறுவதில்லை. ஊவாவில் அவர்களுடைய ஊர்கள் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானையும் பிபிலைக்கு அப்பால் இரத்துகலவும். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல், வேட்டை வாய்க்க அவர்கள் கந்த யக்கா என்ற ஆவியை அழைத்து ஆடுவதை விரிவாகப் பதிந்திருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய வேட்டைக்காரனாக வாழ்ந்த முன்னோன். இறந்தபின் காட்டின் பங்காளி. விலங்கு கிடைப்பது தங்கள் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல, கொடுக்கப்படுகிறது என்பது அந்த ஆட்டத்தின் பொருள். கொடுக்கப்பட்டதைப் பங்கிட வேண்டும். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவானதும் தம்பானையாருக்கு அந்தக் காடு சட்டப்படி மூடிப்போயிற்று. கொல்லாமை பற்றி அவர்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர்களில் எத்தனை பேர் அன்று பகல் இறைச்சிக்கறி சாப்பிட்டிருந்தார்களோ.

பரண், முக்காலி இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதே இல்லை. பன்றிப் பாதையில் கட்டுத்துவக்கை வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். வருவது பன்றியா, சிறுத்தையா, குட்டி யானையா, விறகுக்குப் போன பெண்ணா என்று துவக்கு கேட்காது. தோட்டங்களிலும் சேனைகளிலும் இதனால் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். சட்டம் தடுக்கிறது, இரும்புக் குழாய் கிடைக்கும் இடமெல்லாம் அது முளைக்கிறது. முக்காலிக்காரனை எவ்வளவு குறை சொன்னாலும் அவன் தன் உடம்பை அங்கே வைத்திருக்கிறான். எதைச் சுடுகிறோம் என்று பார்க்கிறான், சுடாமல் விடவும் அவனால் முடியும். கொசுக்கடிக்கு நடுவே இரண்டு மணிநேரம் இருப்பதில் தவத்தின் சாயல் ஏதாவது உண்டென்றால், அது அந்தக் கடைசி வாய்ப்பில்தான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் விவசாயியைக் கொலைகாரன் என்று அழைக்க இந்தக் கட்டுரைக்கு மனம் வராததும் அதனால்.

அசையாமல் இருந்து பார்க்கும்படி அரசாங்கமே ஒரு முறை நாட்டைக் கேட்டது. 2025 மார்ச் 15, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, தங்கள் காணியில் தென்படும் குரங்கு, மந்தி, மயில், மர அணில்களை எண்ணிப் படிவத்தில் குறிக்கச் சொன்னார்கள். பயிரைத் தின்னும் பிராணிகளின் கணக்கு. பேச்சுக் கச்சேரிகளில் நிறையக் கேலி நடந்தது. முருகனின் வாகனம் பீடைகளின் படிவத்தில் ஒரு நிரலாக இருந்ததை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை எட்டு மணிக்குப் பன்றி வராது என்பது சேனைக்காரருக்குத் தெரியும்.

பன்றி வருவது பின்னிரவில், காற்று விழுந்த நேரத்தில். முதலில் வேலியோரம் காய்ந்த சோளத்தாள் நொறுங்கும். பிறகு மூக்கால் மண்ணைக் கிளறும் சத்தம். சிலர் துவக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் மெல்ல இறங்குவார்கள். சிலர் இருந்த இடத்திலிருந்தே தகரத்தைத் தட்டுவார்கள். விடிந்து பார்த்தால் இரண்டு காணியிலும் நாலு வரிசை சோளம் போயிருக்கும்.