உடைந்த கண்ணாடி

புக்கிட் செலம்பாவிலிருந்து கடலோரம் போனால் சுங்கை மாஸ். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கண்ணாடி மணி செய்த ஊர். அரிக்கமேட்டில் செழித்த அதே கலை, கடல் கடந்து கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வந்தது. பெங்காலான் பூஜாங்கிலோ மேற்காசியக் கண்ணாடிப் பாத்திரங்களின் சில்லுகள் கிடைத்தன. அவை மணி செய்ய உருக்குவதற்கென்றே வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. உடைந்ததையும் கப்பலேற்றிய அந்த மதிப்பு என்னை நெகிழ வைக்கிறது.

இன்றும் கண்ணாடிக் கலைஞர்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸில் ஒட்ட உருக்கி, சிறு தட்டுகள் செய்கிறார்கள். சூடாக்குவது எளிது, ஆறவிடுவதே கலை. அவசரப்பட்டால் இறுக்கம் உள்ளேயே தங்கி, பின்னொரு நாள் தட்டு தானே விரிசல் விடும்.

மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனால், சண்டி எனப்படும் பழங்கோயில் சிதைவுகளோடு நிறுத்தாமல் பிள்ளைகளுக்கு அந்த மணிகளையும் காட்டுங்கள்.