தானமாக வந்த மாடா?

விருது கிடைக்காதவர் வருத்தப்பட்டால் 'பாவம்' என்கிறோம். கிடைத்தவர் வருத்தப்பட்டால் நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. 'கொடுத்ததை வாங்கிட்டுப் போகாம இதென்ன பேச்சு?'

2025 ஆகஸ்டில் ஊர்வசி அப்படித்தான் பேசினார். நம்ம 'முந்தானை முடிச்சு' ஊர்வசிதான். 2023-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில், 'உள்ளொழுக்கு' மலையாளப் படத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகை விருது, இன்னொருவரோடு பகிர்ந்து. எந்த அளவுகோலில் நான் துணை என்று பகிரங்கமாகக் கேட்டுவிட்டார்.

படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். குட்டநாட்டில் வெள்ளம். மகன் இறந்துபோகிறான். தண்ணீர் வடிந்தால்தான் அடக்கம். அதுவரை மாமியாரும் மருமகளும் அவரவர் மறைத்துவைத்த உண்மைகளோடு ஒரே வீட்டில் காத்திருக்க வேண்டும். மாமியார் ஊர்வசி, மருமகள் பார்வதி. இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் கதையே இல்லை. இதே வேடத்துக்குக் கேரள அரசு 2024-ல் சிறந்த நடிகை விருதை அறிவித்தது (அதுவும் பகிர்வுதான்). திருவனந்தபுரத்தில் நாயகி, டெல்லி போய்ச் சேர்வதற்குள் துணை!

பணத்தில் வித்தியாசமில்லை. இரண்டுக்கும் வெள்ளித் தாமரை, 2 லட்சம் ரூபாய். ஆக, சண்டை ஒரு சொல்லுக்காக. அற்பம் என்று தோன்றலாம். 2018-ல் ஜனாதிபதி 11 பேருக்கு மட்டும்தான் தன் கையால் தருவார், மற்றவர்களுக்கு அமைச்சர் தருவார் என்றதும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் விழாவுக்கே போகவில்லை. அதே பதக்கம், அதே பணம், கொடுக்கிற கைதான் வேறு. விருது என்பதே மரியாதைதான் எனும்போது, மரியாதையில் வைக்கிற குறையை அற்பம் என்று எப்படிச் சொல்வது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, ஆனால் விருது தானம் இல்லையே? அது ஒரு தீர்ப்பு. 'இந்த வருஷம் இந்த நாட்டில் இவரே சிறந்தவர்' என்று அரசாங்கம் சொல்கிற தீர்ப்பு. தானம் கொடுத்தவரைக் காரணம் கேட்பது அநாகரிகம். தீர்ப்பு சொன்னவரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

'காரணம் சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் பிளஸ் டூ மாதிரி மறுகூட்டல் கேட்பார்கள் சார்' என்றார் ஒரு நண்பர். நியாயமான பயம். யார் நன்றாக நடித்தார் என்பது ருசி சார்ந்தது, விளக்குவது கஷ்டம். ஆனால் கதை யாருடையது என்பது ருசி இல்லை. படத்தைப் பார்த்து நாலு வரியில் எழுதிவிடலாம். கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் நம் காதில் விழும்படி பேசிக்கொண்டேதான் அவுட் கொடுக்கிறார். அவுட்டானவர் முணுமுணுத்தாலும் எதற்காக என்று தெரிந்துகொண்டு போகிறார்.

காரணம் சொல்லாதபோது சந்தேகம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் சந்தேகம் வயது. அதே ஆண்டு சிறந்த நடிகர்களில் ஒருவர் ஷாருக் கான். 'ஜவான்' வந்தபோது அவருக்கு 57. அப்பாவாகவும் மகனாகவும் நடித்தார். அந்த அப்பாவை யாரும் துணை என்று சொல்லவில்லை. ஊர்வசி அவரைவிட இளையவர். சிறந்த நடிகையான ராணி முகர்ஜியும் அம்மா வேடம்தானே என்பீர்கள். அவர் கைக்குழந்தைக்கு அம்மா. ஊர்வசி மாமியார்! 2005-லும் இப்படித்தான். படத்தின் பெயரே 'அச்சுவின்ட அம்மா', அந்த அம்மா ஊர்வசி. விருது, துணை நடிகைக்கு.

மருமகள்தான் நாயகி, அதனால் மாமியார் துணை என்று நடுவர்கள் நினைத்திருந்தால் அதுவும் ஒரு வாதம்தான். ஆனால் பார்வதிக்கும் அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.