அவிழ்ப்பதற்கென்றே இட்ட கட்டு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த தெருக்களில், கடைசல் பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே ஒதுங்கி நிற்கும் சிறு மரப்பட்டறைகளில், பூஜையறைக் கதவுக்கென ஓங்காரமோ வேலோ சங்கு சக்கரமோ ஒரே அச்சில் பல தேவைப்படும்போது, தச்சர்கள் மெல்லிய பிளைவுட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அறுபடும் நேரம் முழுவதும் அவை ஒரே பலகையாய் நிற்குமாறு பிணைத்து, ஸ்க்ரோல் சா என்னும் நுண்ணலகு ரம்பத்தில் ஒரே ஓட்டத்தில் அறுத்தெடுப்பதுண்டு. கணிப்பொறியின் கட்டளைக்கு இயங்கும் சி.என்.சி. யந்திரங்கள் இவ்வேலையின் பெரும்பங்கைக் கொண்டுபோய்விட்ட இந்நாளிலும் கைவேலைக்காரர் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. 3 மில்லிமீட்டர்ப் பலகை ஆறு சேர்ந்தால் 18 மில்லிமீட்டர் ஆகிறது; அதற்குமேல் அடுக்கினாலோ, அலகு மேசைக்குச் செங்கோணமாக நில்லாமல் சற்றே சாய்ந்திருந்தாலோ, மேற்பலகையில் வேலாய்ப் பிறப்பது அடிப்பலகையில் வேறொன்றாய்ப் பிறக்கும்.

இந்த அடுக்கைப் பிணைக்கும் வழிகள் பல. ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டுவோர் உண்டு. இருபுறமும் பசையுள்ள டேப்பை நடுவில் வைப்போரும் உண்டு. அது கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் பிரிக்கும்போது தின்னர் விட்டு ஊறவைத்தாலொழிய, வேலின் மெல்லிய முனையையும் தன்னோடு பிய்த்துக்கொண்டு வரும். பழைய கைகாரர்கள் இரு பலகைக்கு நடுவே ஒரு காகிதத்தைப் பசையிட்டு ஒட்டி, வேலை முடிந்ததும் உளிமுனையை நுழைத்து அக்காகிதத்தையே இரு தோலாகப் பிளந்து, மரத்துக்கு நோவின்றிப் பிரிப்பார்கள். பிரான்சில் 14-ஆம் லூயி மன்னனிடம் பணிபுரிந்த ஆந்த்ரே-ஷார்ல் பூல் என்னும் தச்சன், பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் இவ்வாறே சேர்த்து அறுத்து, ஒன்றில் அறுபட்ட உருவை மற்றொன்றின் வெற்றிடத்தில் பதித்து அலங்காரம் செய்தான்; உலகெங்கும் இவ்வித்தை பழையதே. ஆயினும் எனக்கு மிகவும் பிடித்தது ஆணி அடிக்கும் முறை. உருவத்தின்மேல் ஆணி படுவதில்லை. அறுத்தபின் எறிந்துவிடப் போகிற கழிவுப் பாகத்தில் மட்டுமே படுகிறது. அடியில் எட்டிப் பார்க்கும் முனையை, மேசையைக் கீறாதபடி அரத்தால் தேய்த்துவிடுவார்கள். பிறகு துளையிட்டு அலகை நுழைத்து, உள்ளிருக்கும் கண்களையெல்லாம் முதலில் அறுத்து, வெளிவரையைக் கடைசியில் அறுப்பார்கள். ஏனெனில் வெளிவரை முடிந்த அக்கணமே உருவங்கள் ஆணிகளினின்று விடுபட்டுத் தனித்தனியே உதிர்ந்துவிடும். அதன்பின் உள்வேலை எதையும் ஒருசேரச் செய்ய இயலாது.

“கடைசியில பிரிக்கத்தானே போறோம் அண்ணே, அதுக்கு எதுக்கு இவ்வளவு கட்டு?” என்று பட்டறைப் பையன் கேட்டால், “பிரிக்கணும்னுதான் தம்பி இப்படிக் கட்டறது. சேர்ந்தே கிடக்கணும்னா ஃபெவிகாலை ஊத்திட்டுப் போயிருக்க மாட்டேனா?” என்பார் மேஸ்திரி.

பந்தம் என்பது ஜீவனுக்கு நேர்ந்த தீங்கா, அன்றி அவனுக்கு அளிக்கப்பட்ட சாதனமா என்று நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் நடத்திய வாதத்தில், மேஸ்திரி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். தீங்கு என்று மட்டும் கொண்டவர்களுக்கு உபாயம் எளிது, அறுத்தெறி என்பார்கள். சைவ சித்தாந்தமோ இவ்விடத்தில் நின்று நிதானித்து ஒரு பேதம் செய்கிறது. ஆணவம் அநாதி, அதனை உயிரின்மேல் எவரும் இட்டதில்லை. ஆனால் அவ்வாணவத்தின் வலி தேய்ந்து கெடும்பொருட்டு, உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்ச்சிப் பொருள்களையும், நூல்கள் தனு கரண புவன போகம் என்று கூறும் அந்நான்கையும், மாயையினின்று தோற்றுவித்து, அவரவர் வினைக்கீடாக உயிரோடு கூட்டிவைப்பவன் இறைவனே என்பது, 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் வகுத்த வழியில் வந்தோர் கொண்ட முடிபு. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்னும் நான்கோடு நில்லாமல், மறைத்தல் என்று ஐந்தாவதொரு தொழிலையும் அவனுக்கு உரித்தாக்கி, அம்மறைப்பையும் கருணையென்றே கொண்ட அவர்கள் துணிவு வியக்கத்தக்கது. மறைத்தலைச் செய்யும் திரோதான சக்தி பாசங்களைச் செலுத்தி நிற்பதனால் மலம் என்று உபசாரமாகப் பெயர் பெற்றதேயன்றி, உள்ளபடி அது அருளே. நல்வினை தீவினைகளை ஒப்ப நோக்கும் இருவினையொப்பும், மலம் பக்குவப்படும் மலபரிபாகமும் எய்தியபின் அதுவே தன் மறைப்பை நீக்கிச் சத்திநிபாதமாக, அதாவது அருள்வீழ்ச்சியாக, உயிரில் பதிகிறது. பலகை சடப்பொருள், அது பரிபாகம் அடைவதில்லை. ஆகவே பட்டறை உவமையை இதற்குமேல் இழுத்தல் தகாது.

இத்தத்துவத்திற்கு ஒரு சரிதம் வேண்டுமானால், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலேயே கிடைக்கிறது. திருமுல்லைவாயிலில், குறும்பரோடு பொருது மீண்ட தொண்டைமானின் யானைக் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் உடைவாளை உருவிக் கொடியை வெட்டினான். வாள் கொடிக்குள் மறைந்திருந்த இலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகியது என்பது தலபுராணம். கொடி தன் வழியைத் தடுக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது; எதன்பொருட்டுத் தடுக்கிறது என்று கேட்க அவனுக்குப் பொறுமையில்லை. இந்நிகழ்ச்சியைச் சுந்தரர் தம் பதிகத்தில் பாடுகையில், களிற்றைக் கொடியால் கட்டியதும், அதன் வாயிலாகவே மன்னனுக்கு வெளிப்பட்டதும் இறைவன் செயலே என்கிறார். கட்டியவனும் காட்டியவனும் ஒருவனே என்னும் இக்கொள்கை, சித்தாந்த சாத்திரங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே தோத்திரத்தில் வந்துவிட்டது.

சுந்தரர் அங்கு வந்த நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது பிரியேன் என்று சபதம் செய்ய நேர்ந்தது. சந்நிதியில் செய்தால் பின்னர் மீற வழியில்லை என்று கருதிய தம்பிரான் தோழராகிய சுந்தரர், அவ்வேளையில் மட்டும் மகிழமரத்தடிக்கு எழுந்தருளும்படி இறைவனை வேண்டிக்கொண்டார். தோழனாகிய இறைவனோ இதைச் சங்கிலியாரிடம் சொல்லிவிட, மகிழடியிலேயே சபதம் நடந்தது. (ஈசனோடு சாமர்த்தியம் பேசி வென்றவர் எவரும் புராணத்தில் இல்லை.) பின்பு வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு மேலிட, சபதத்தைக் கடந்து புறப்பட்டவர் இரு கண்ணும் இழந்தார், அவ்வழியில் பாடிய பதிகந்தான் திருமுல்லைவாயிற் பதிகம். கட்டைக் காலத்துக்கு முன்னே அறுத்தவர், கட்டியவன் பெருமையைப் பாடுகிறார். ஆரூரை விரும்பியது குற்றமன்று. உள்வேலை முடியுமுன் வெளிவரையை அறுத்ததே குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வைணவமும் இதற்குப் புறம்பானதன்று. பூவிருந்தவல்லியில் அவதரித்துக் காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகள், இராமானுஜர் பொருட்டு வரதனிடம் கேட்டுவந்த ஆறு வார்த்தைகளுள் ஒன்று, சரணடைந்தவனுக்கும் மோக்ஷம் சரீரம் விழும்போதே என்பது. உடம்பாகிய வெளிவரை அங்கும் கடைசிக்கே விடப்படுகிறது.

இனி, எந்தக் கட்டும் நல்லதே என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. ஆணி எங்கே இறங்குகிறது என்பதைப் பார்க்கவேண்டும். மனைவி மக்களையும் உத்தியோகத்தையும் ஊராரையும் கடமை பற்றிச் சேர்ந்திருப்பவன் அவற்றினின்று பிரியும் நாளில் சிதைவதில்லை; எனது என்னும் பசையைத் தன் நெஞ்சின் நடுவிலேயே தடவிக்கொண்டவனுக்கோ, பிரிவு வரும்போது பற்றும் ஆளும் ஒருங்கே பிய்கின்றன. கடனுக்கும் குழந்தைகளின் படிப்புக்கும் அஞ்சிக் காவியுடுத்து நடுவழியில் ஓடுகிறவனுடைய துறவு, தொண்டைமான் வாள்வீச்சைச் சேர்ந்தது. அதை வைராக்கியம் என்று போற்ற என் மனம் ஒப்பவில்லை.

அந்த வாள் பட்ட மாசிலாமணீசுவரர் திருமேனியை, காயம் ஆறும்பொருட்டு ஆண்டு முழுதும் சந்தனக்காப்பால் மறைத்தே வைத்திருக்கிறார்கள்; சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தன்று மட்டுமே அது களையப்படுகிறது. மறைத்தலும் அருளே என்பதை ஏட்டில் படித்து ஐயுறுகிறவர்கள், திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் இறங்கி, மற்ற நாளில் ஒரு முறையும் அந்த நாளில் ஒரு முறையும் அச்சந்நிதியில் நின்று பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.