ஒன்ஸ்மோர்

கச்சேரியிலோ, கோயில் கொடை மேடையிலோ, கல்லூரி ஆண்டு விழாவிலோ ஒரு தடவையாவது நீங்கள் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தியிருப்பீர்கள். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. பாடியவருக்கும் உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் ஒரு சின்னக் கணக்கு. டிக்கெட் வாங்கியது ஒரு தடவைக்கு. அந்த இரண்டாவது தடவைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. குற்றால அருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில் செங்கோட்டை இருக்கிறது. பார்டர் பரோட்டா தின்னப் போகிறோமே, அந்தப் பக்கம்தான். (1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. ‘பார்டர்’ என்ற பேர் சும்மா வரவில்லை.) அந்த ஊரில் 1906 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. பெரிய குடும்பம், சின்ன வருமானம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அண்ணன்மாரோடு நாடகக் கம்பெனிக்குப் போனார்.

அன்றைய நாடகம் என்றால் வசனம் பேசுவது அல்ல. பாடுவது. மேல்நாட்டில் ‘ஓபெரா’ என்கிறார்களே, கிட்டத்தட்ட அது. ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை போகும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் காதுக்கும் ராஜபார்ட்டின் குரல் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் அவன் சும்மா இருக்க மாட்டான்.

பையன்களை வைத்து நடந்த கம்பெனிகளில் ஒரு வார்த்தை எல்லோரையும் நடுங்க வைக்கும்: மகரக்கட்டு. பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடைகிற பருவம். நேற்றுவரை மாலை மரியாதையோடு பாடிக்கொண்டிருந்த பையன், ஒரு நாள் காலையில் எழுந்தால் தொண்டையிலிருந்து தவளைச் சத்தம் வரும். அப்புறம் அவன் திரை இழுப்பான், பெட்டி தூக்குவான், இல்லையென்றால் ஊருக்கு ரயில் ஏறுவான். அவன் என்ன ஆனான் என்று கேட்க எந்த ரசிகனும் அவன் வீட்டுக்குப் போனதில்லை.

கிட்டப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டினார். தாண்டியதோடு, பெரியவனான பிறகும் கேட்பவர்கள் மலைக்கும்படியான உச்சத்தில் நின்று பாடினார். தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டு வீடு வீடாகப் போனது. 1926இல் கொழும்பில் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தார். அடுத்த வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த வாழ்க்கையில் நடந்ததெல்லாம் தனிக்கதை. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு அச்சாகி வந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது குரல்.

ஊர் ஊராக நாடகம், ராத்திரி ராத்திரியாகக் கண்விழிப்பு, ஒரே பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஒன்ஸ்மோர். கூடவே குடி. வயிற்று நோய். 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்துபோனார். வயது 27.

‘ரசிகர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள்’ என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். நான் அப்படி எழுத மாட்டேன். குடித்தது அவர். யாரும் வாயில் ஊற்றவில்லை. பாடுகிறவனுக்கு ஒன்ஸ்மோர் கேட்காத சபை சுடுகாடு மாதிரி இருக்கும் என்பதும் நிஜம். அவரிடமே போய், “கொஞ்சம் தொண்டைக்கு ஓய்வு கொடுங்களேன்” என்று சொல்லியிருந்தால் நம்மை விரட்டியிருப்பார். ஆனால், அப்படிச் சொல்வது தன் வேலை என்று அத்தனை பெரிய கூட்டத்தில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

மிலான் நகரத்து லா ஸ்காலா ஓபெரா அரங்கில் ஒன்ஸ்மோர் பாடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1903இல் கூட்டம் திரும்பப் பாடச் சொல்லி ரகளை செய்தபோது, இசை நடத்துநர் டோஸ்கனினி பாதியில் இறங்கிப் போய்விட்டார். 1933இல் ரஷ்யப் பாடகர் ஷாலியாபின் ஒரு பாட்டைத் திரும்பப் பாடினார். அதற்கப்புறம் அங்கே தனிப்பாடகர் ஒருவர் ஒன்ஸ்மோர் பாடியது 2007இல்தான். எழுபத்துநாலு வருஷம்! டோஸ்கனினிக்குப் பெரிதாகப் பட்டது பாடகரின் தொண்டை அல்ல, நாடகத்தின் ஓட்டம். ஆனாலும் பலன் தொண்டைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பெரிய வேஷம் கட்டிய பாடகர் மறுநாளே மேடையேறுவது அங்கே வழக்கமில்லை.

ஜெர்மனியில் ஃபிஷர்-டீஸ்காவ் என்று ஒரு பாடகர். ‘பாரிடோன்’ ரகம். அதாவது ஆண் குரலில் உச்சமும் அல்ல, அடியும் அல்ல, நடுவாந்தரம். ஓபெராவில் காதலனாக வருகிற கதாநாயகன் பெரும்பாலும் உச்சக் குரல்காரன். பாரிடோனுக்குக் கிடைப்பது அப்பா, நண்பன், வில்லன். 1948இல் பெர்லினில் ஓபெரா மேடை ஏறிய அவர், 1992 கடைசியில், 67 வயதில், பாடினது போதும் என்று தானே நிறுத்திக்கொண்டார். அப்புறம் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தும் இசை நடத்தியும் வாழ்ந்து 2012இல் இறந்தார். நம் கொட்டகையில் பாரிடோன் பிழைத்திருக்கவே மாட்டான், கடைசி வரிசைக்குக் கேட்காது என்று துரத்தியிருப்போம். மைக் வந்த பிறகுதானே சி.எஸ்.ஜெயராமனின் கனத்த குரலுக்கு நாம் காது கொடுத்தோம்!

இதே குற்றாலத்தில் பிற்காலத்தில் வாழ்ந்தவர் ரசிகமணி டி.கே.சி. ரசனைக்கே பட்டம் வாங்கிய மனிதர். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார். அதுவும் ஒன்ஸ்மோர்தான். அவர் கேட்டது கம்பனின் பாட்டிடம். எத்தனை தடவை சொன்னாலும் பாட்டு தேயாது. தொண்டை அப்படியா? அது சதை. சளி பிடிக்கும், வீங்கும், கிழியும்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். பின்னால் இந்தக் கோயிலைப் பராமரிக்கிறவர்கள் யாரோ, அவர்கள் காலில் விழுகிறேன் என்கிறான். ராஜா! கட்டியவனே காக்கப் போகிறவனைக் கும்பிடுகிறான். அந்தக் கோபுரம் பிற்பாடு சிதைந்து மொட்டையாக நின்றது. 1990இல் திரும்ப எழுந்தது. கல்லுக்கு அந்த வசதி உண்டு.

இப்போது டி.வி. முன்னால் உட்காருகிறோம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை உச்சஸ்தாயியில் பாடுகிறது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஒரு இடத்தை மட்டும் இன்னொரு தடவை பாடு கண்ணா” என்கிறார். பிள்ளை அம்மாவைப் பார்க்கிறது. அம்மா தலையாட்டுகிறாள். நாமும்தான் தலையாட்டுகிறோம். அந்தப் பையனுக்கு அடுத்த வருஷம் மகரக்கட்டு வரும்போது நாம் வேறு பையனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கிட்டப்பா போனபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவை கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே நடிக்க ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று செய்தி வந்தபோது ஊரே வாயைப் பிளந்தது. பேராசை என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குரலுக்கு என்ன விலை ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்த பெண் அவர். ஔவையாராகவும் கவுந்தி அடிகளாகவும் பாடி, 1980 வரை இருந்தார்.

கிட்டப்பாவின் ‘எவரனி’ இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. கரகரப்புக்கு நடுவே மூன்று நிமிஷம் சொச்சம். முடிந்ததும் கை தானாகவே திரும்பப் போடும். போடட்டும்.