புது ஊசியும் பெற்றோர் கடமையும்



புதிதாக வந்த தடுப்பூசியைப் பிள்ளைக்குப் போடலாமா என்று தயங்குவோரைச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். அது தகாது. கேள்வி நியாயமானதே.

1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சுமார் 58,000 பேரை இளம்பிள்ளை வாதம் பிடித்தது. 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். டாக்டர் சால்க் கண்ட தடுப்பூசி 1954-இல் ஏறக்குறைய 18 லட்சம் சிறுவர் பங்குபெற்ற பெரிய சோதனைக்குள்ளாகி, 1955 ஏப்ரல் 12-இல் நல்லதென்று அறிவிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் பேரிடி விழுந்தது. ஒரு கம்பெனி தயாரித்த மருந்தில் நோய்க்கிருமி சாகாமல் இருந்துவிட்டது. அதனால் சுமார் 200 பேர் முடக்குவாதத்துக்கு ஆளாயினர். 10 பேர் இறந்தனர்.

ஊசிக்குச் சம்மதித்த அந்தப் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். ஊசி போடாமல் நோய் வந்தால் ‘விதி’ என்கிறோம். (கிறிஸ்தவன் அப்படிச் சொல்லலாமா என்பது வேறு காரியம்.) போட்டதால் வந்தாலோ, ‘என் கையாலேயே கெடுத்தேனே’ என்று நெஞ்சு குத்துகிறது. ஆனால் மனச்சாட்சியின் முன் போடுவதும் தீர்மானமே, போடாதிருப்பதும் தீர்மானமே. ஊசியின் ஆபத்தை நோயின் ஆபத்தோடு வைத்து நிறுக்கவேண்டும். ஆபத்தே இல்லாத ஓர் உலகத்தோடு வைத்தல்ல.

அதிகாரிகள் விபத்தை மறைக்கவில்லை. மே மாதத்தில் ஊசியை நிறுத்தி, பரிசோதனையைக் கடுமையாக்கி, பிறகே தொடர்ந்தார்கள். 1961-இல் அந்நாட்டில் நோய் கண்டவர்கள் 1,312 பேர் மாத்திரமே.

1955 மே மாதத்தில் ‘சற்றுப் பொறுப்போம்’ என்ற தகப்பன் விவேகி. 1961-லும் அதே பதிலைச் சொன்னவனை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.