சம்பளத்துக்கு ஒரு சிரிப்பு

செவிலிமேட்டில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் மட்டும் யாரும் யாரோடும் பேசவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த அவருடைய மகள் ஓட்டல் நிர்வாகமும் விழா நிர்வாகமும்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அதுதான் காரணம்.

"சோறு போடறதுக்கு யாராவது காலேஜுக்குப் போவாங்களா? நீங்களே சொல்லுங்க ஐயா" என்றார் நண்பர்.

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "காசை எண்ணி வாங்கிக்கிட்டு 'வாங்க'ன்னா, அது வரவேற்பா ஐயா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படிப்பு இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் 1893ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு பள்ளி தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922இல் இதைப் பாடமாக்கியது. நம் சென்னைத் தரமணியில் உள்ள கல்லூரி 1963இல் பிறந்தது. சமையல், பரிமாறல், அறைப் பராமரிப்பு, கணக்கு எல்லாம் அங்கே பாடம். சில மாதங்கள் ஓட்டலிலேயே நின்று வேலை பழக வேண்டும்.

நண்பர் இதிலெல்லாம் மயங்குகிறவர் அல்லர். அவர் பக்கம் வள்ளுவரே நிற்கிறார். விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தைக் கொடுத்தவர், அதை அறத்துப்பாலில், இல்லறத்துக்குள் அல்லவா வைத்தார்? பொருட்பாலில் வைக்க இடமில்லாமலா போயிற்று? நம் பல்கலைக்கழகங்கள் அதை வணிகத்துக்குப் பக்கத்து அறையில் குடிவைத்திருக்கின்றன.

ஆனாலும் ஒரு வாதம் எனக்குத் தோன்றியது. "நீங்கள் கூலிக்குத்தானே நெய்கிறீர்கள்? அதனால் உங்கள் பட்டு பொய்ப்பட்டு ஆகிவிடுமா?" என்று கேட்டேன். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக எனக்கு ஒரு பெருமைகூட உண்டாயிற்று.

அவர் நாடாவை நிறுத்தினார். "பட்டு என் கையிலேருந்து வருது ஐயா. சிரிப்பு எங்கேருந்து வரணும்?"

பெருமை அந்த இடத்திலேயே போயிற்று. உள்ளே ஒன்றும் இல்லாமல் முகத்தை மட்டும் மலர வைக்கப் பழகிய ஒருத்தி, பத்து வருஷம் கழித்துத் தன் வீட்டுக்கு வரும் விருந்தினரைப் பார்த்து எந்தச் சிரிப்பைச் சிரிப்பாள்? அவர் பயப்படுவது மகளின் சம்பளத்தைப் பற்றி அல்ல; மகளைப் பற்றி.

திரும்பும் வழியில் சாலைக்கிணறு நினைவுக்கு வந்தது. செவிலிமேட்டை அடுத்த அந்தக் கிணற்றில்தான், வேடுவ வேடத்தில் வந்த பெருமாளும் தாயாரும் தாகம் என்று கேட்க, இளைஞரான இராமானுசர் கையால் நீர் முகந்து கொடுத்தார் என்பது வைணவ மரபு. யார், என்ன குலம் என்று விசாரிக்காமல் கொடுத்த தண்ணீர்.

அதே இராமானுசரின் வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு கதை அவ்வளவு இனிமையானதல்ல. திருக்கச்சி நம்பியைத் தம் குருவாக மதித்து விருந்துக்கு அழைத்தார் அவர். நம்பி அந்தணர் அல்லர். இராமானுசர் அவரை எதிர்கொண்டு அழைக்க ஒரு வீதி வழியாகப் போக, நம்பி வேறு வீதி வழியாக வந்து, சீக்கிரமே உண்டு போய்விட்டார். இராமானுசரின் மனைவி தஞ்சம்மாள் இலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவர் போனதும் இலையைக் கோலால் தள்ளி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டுக் கணவருக்கு வேறு சமையல் செய்தாள். காசு வாங்கவில்லை, சொந்த வீடு, சொந்தக் கையால் சமைத்த உணவு. இதை விருந்தோம்பல் என்பதா?

தஞ்சம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லைப்புற இறவாணத்தில் ஒரு தம்ளர் செருகியிருக்கும். யாருக்கு என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். என் தாயார் அந்தத் தம்ளரில் மோரை வார்க்கும்போது முகம் கோணியதே இல்லை. வயிறாரக் குடிக்கச் சொல்வார். அந்த அன்பு பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. தம்ளரும் பொய்யல்ல.

ஓட்டலில் அந்தத் தம்ளர் இல்லை. நேற்று யார் குடித்தார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. (பையைப் பார்க்கிறார்கள், செருப்பைப் பார்க்கிறார்கள். அது வேறு ஒரு தீண்டாமை.)

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். இந்த முறை பெண்ணிடமே கேட்டேன்: "உனக்கு இந்த ஆசை எப்படியம்மா வந்தது?"

"அத்திவரதர் வந்தப்போ" என்றாள்.

2019இல், ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, 48 நாள், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை தரும் தரிசனம். ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கிட்டார்கள். அவள் அப்போது சிறுமி. வாசலில் அண்டா நிறைய மோர் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் தகப்பனும் மகளும் ஊற்றியிருக்கிறார்கள். ஜூலை 18ஆம் தேதி ஒரே நாளில், கூட்டத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

"எங்க வாசல்ல மோர் மீந்து கிடந்துச்சு ஐயா. அங்கே ஜனங்க தண்ணியில்லாம மயங்கி விழுந்தாங்க. நடுவுல வழி இல்லை. கொடுக்கணும்னு மனசு இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க யாருக்கும் தெரியலை. அதைத்தான் படிக்கணும்னு நினைச்சேன். சிரிக்கிறதுக்கு இல்லை."

நண்பர் தறிக்குழியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இதை அவரிடம் அவள் முன்பு சொன்னதில்லை போலும். கோர்வைக் கரைக்கு நாடா தள்ளும் பையன் கையை நீட்டியபடி காத்திருந்தான், இவர் வாங்கவில்லை.

"படிச்சிட்டு அவ எந்த ஊர் ஓட்டலுக்கோ போய், எவனுக்கோ கதவைத் திறந்துவிட்டுக்கிட்டு நிப்பா" என்றார் கடைசியில். குரலில் பழைய கடுமை இல்லை. ஆனால் சம்மதமும் இல்லை.

அதுவும் நடக்கக்கூடியதுதான். கோடிப் பேருக்கு வழி செய்வதற்கென்று படித்தவர்களில் பலர், நூறு பேருடைய கல்யாண வரவேற்பில் பூ ஜோடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அப்படி ஆகமாட்டாள் என்று நான் எப்படி உறுதி சொல்வேன்?

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு ஒரு தம்ளர், நாடாப் பையனுக்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. மூன்றும் ஒரே மாதிரித் தம்ளர்கள். குடித்துவிட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு இறவாணத்தைப் பற்றி நண்பரிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்துத்தான் போயிருந்தேன். அன்று எனக்கு வாய் வரவில்லை.