வந்தியின் பங்கும் அரசிறையும்

சைவ ஆசிரியப் பெருமக்களே!

மாதந்தோறும் சம்பளப் பத்திரத்தைக் கையிலேற்று, "பாடுபடுவோர் யாம், பறித்துக்கொள்வது இராசாங்கம்" என்று மனம் வெதும்புவோர் நம்முட் பலர். அவ்வெதுப்பு அறத்தின்பாற்பட்டதோ, அவாவின்பாற்பட்டதோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையிலே வருமான வரி 1932 ஆம் ஆண்டிற் சட்டமாயிற்று. 2019 மார்கழியிற் பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. வருமான வரியும் தளர்த்தப்பட்டது. வரவு சுருங்கியது; செலவு சுருங்கவில்லை. 2022 சித்திரை 12 ஆம் நாள், பிறநாட்டுக் கடனிறுத்தலை நிறுத்தி வைத்ததாக இராசாங்கமே அறிவித்தது. 2023 தை முதலாக, மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட வருவாய்க்கு, நூற்றுக்கு 6 தொடங்கி 36 வரை வரி விதிக்கப்பட்டது. மாதம் 150,000 ரூபா பெற்றவர் 3,500 ரூபா இறுத்தார். 2025 சித்திரையில் எல்லை 150,000 ரூபாவாக உயர்த்தப்பட, அவருக்கு அச்சுமை நீங்கிற்று. ஆயின் பெறுமதிசேர் வரியோ 2024 தையில் நூற்றுக்கு 18 ஆயிற்று. அது சவர்க்காரம் வாங்கும் கூலியாளனையும் செல்வனையும் ஒரே அளவினாற் பற்றுவது.

இனி, திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த திருவிளையாடலை நினைவு கூர்க. வையை பெருகியபொழுது பாண்டியன் கரையை அளந்து, மதுரையிலுள்ளார் யாவருக்கும் பங்கிட்டான். பிட்டு விற்றுண்ணும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கு மைந்தருமில்லை, சுற்றமுமில்லை. அவள் அப்பங்கை வெறுத்தாளல்லள். அதனை முடிக்க வலியின்மைக்கே வருந்தினாள். சோமசுந்தரக் கடவுள் கூலியாளாய் எழுந்தருளி, பிட்டைக் கூலியாகக் கொண்டு அவள்பொருட்டு மண் சுமந்தருளினார்.

இதனால் அறியக் கிடப்பன இரண்டு. வெள்ளம் வந்துழிக் கரையடைத்தல் எல்லார்க்கும் பொதுக்கடன் என்பது ஒன்று. 1945 முதலாக நம் பிள்ளைகள் பெறும் இலவசக் கல்வியும், இலவச வைத்தியமும், நம்மிற் பலர் உண்ணும் சம்பளச் சோறும் அக்கரையின் பயனேயாம். ஆதலின் இறை இறுத்தலையே வெறுத்தல் முறையன்று. வலியறிந்து பங்கிடாத அரசன், வந்தியின் கண்ணீருக்கு உத்தரவாதியாவான் என்பது மற்றொன்று.

அம்மட்டோ? அரசன் பொற்பிரம்பினாற் கூலியாளை அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், எல்லாவுயிர்கள் மேலும் பட்டது. பொதுப்பொருளை வீண்செலவு செய்தலும் அத்தகைய பிரம்படியே. கடன்கொண்டு கட்டி 2013 இல் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையத்தில் விமானம் வந்திறங்குதல் அரிதாயிற்று. வட்டியோ தவறாது வந்தது. அவ்வாறு பெருகிய கடனின் அடி, 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றார்மேல் விழுந்தது. மருந்தின்றிக் கிடந்தார்மேல் விழுந்தது. அவ்வாண்டு ஆடியில் அரசுத்தலைவரே நாட்டைவிட்டு நீங்குமாறு அரியணைமேலும் விழுந்தது.

"செலவிட்டோர் பெரியோர், அவரைக் கணக்குக் கேட்டல் தகுமோ?" எனின், கூறுதும். வாதவூரடிகள் குதிரைக்கெனப் பெற்ற பொருளைச் செலவிட்டது திருப்பெருந்துறைத் திருப்பணிக்கே. ஆயினும் பாண்டியன் கணக்குக் கேட்டான்; அடிகள் சுடுவெயிலில் நின்று தண்டமேற்றார். அருளாளரும் கணக்குக்கு நின்றாராயின், தம் பெயரைக் கல்லிற் பொறிக்கக் கட்டடம் எழுப்புவார் நில்லாதிருக்க நியாயம் யாது?

ஆகவே, ஆசிரியர்காள்! வரியைக் கொடுத்துவிட்டு முணுமுணுத்தலும் போதாது. கொடாது மறைத்தலும் தகாது. மறைப்பவன் தன் பங்கினை வந்தியின் தலையில் ஏற்றுகின்றான். கொடுத்துக் கணக்குக் கேட்டலே அறம். ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வைக்கப்படும் வரவுசெலவுத் திட்டத்தை உயர்வகுப்பு மாணாக்கருக்குப் படித்துக் காட்டுக. எது கரையடைத்த செலவு, எது கரையுடைத்த செலவு எனப் பகுத்தறியப் பழக்குக. அதற்கு முன்னே, வெண்கட்டி வாங்கிய காசுக்கும் விளையாட்டுவிழாவுக்குத் தண்டிய பணத்துக்கும் நும் வித்தியாசாலைச் சுவரிலே கணக்கெழுதி ஒட்டுக. தம் ஆசிரியர் கணக்குக் காட்டக் கண்டு வளர்ந்த பிள்ளைகளே, நாளை அமைச்சரிடத்தும் அஞ்சாது கணக்குக் கேட்பர்.

திருவருள் முன்னிற்க.